‘சவுண்ட்ப்ரூஃப்’ என்னும் பொய்

‘சவுண்ட்ப்ரூஃப்’ என்ற சொல் இந்தியப் பெருநகரங்களில் ஒரு பண்டமாகவே விற்கப்படுகிறது. ஓரங்குலத் தடிமனில், கூம்பு கூம்பாக வெட்டிய கருநிற ஃபோம் சதுரங்களின் உறைமீது அச்சொல் அச்சிடப்பட்டிருக்கிறது. மரப்பட்டிகள் பதித்த அலங்காரப் பலகைகளின் விளம்பரத்திலும் அது வருகிறது. முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டச் சொல்லும் காணொளிகளின் தலைப்பிலும் அதுவே. இம்மூன்றில் எதுவும் ஓர் அறையை ஒலி புகாததாக ஆக்காது. ஆனால் அச்சொல்லை நம்பிப் பணம் செலவிடுவோரில் இயற்பியல் படித்தவர்களும் இசை ஆய்வாளர்களும் மொழியியல் மாணவர்களும் இருக்கிறார்கள். பாமரர் ஏமாறினால் அதை வணிகத்தின் குற்றம் எனலாம். கற்றவர் ஏமாறுவது கல்வியின் குற்றம்.

காட்சி எங்கும் ஒன்றுதான். பெங்களூரிலோ புணேயிலோ ஹைதராபாதிலோ ஓர் அடுக்ககம். அதில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஓர் அறை. செங்கல் சுவர்மேல் சிமெண்ட் பூச்சு, கீழே பளபளக்கும் டைல்ஸ், மேலே கான்கிரீட் தளம். இளம் ஆய்வாளர் ஒருவர் உதவித்தொகையில் மிச்சம்பிடித்து நல்ல ஒலிபெருக்கி இணையொன்றை வாங்கி அங்கே வைக்கிறார். பழைய வானொலிப் பதிவுகளைக் கேட்கவும், களப்பணியில் பதிந்த உரையாடல்களை நண்பர்களுடன் அமர்ந்து கேட்டு விவாதிக்கவும் அந்த அறை. முதல் நாளிலேயே ஒலி கலங்கியிருப்பது தெரிகிறது. ஒலிபெருக்கியின்மீது ஐயம் எழுகிறது; பிறகு ஆம்ப்ளிஃபயர்மீது; பிறகு கேபிள்மீது. கடைசியில் பன்னிரண்டு ஃபோம் சதுரங்கள் வந்து சேர்கின்றன. அவை சதுரங்கப் பலகைபோல் சுவரில் ஒட்டப்படுகின்றன. படம் எடுத்துப் பகிரப்படுகிறது. கைதட்டினால் எழும் கூர்மையான அதிர்வு சற்று அடங்குகிறது. வெற்றி என்று எண்ணப்படுகிறது. ஆனால் பக்கத்து வீட்டு மிக்ஸியின் இரைச்சல் முன்போலவே உள்ளே வருகிறது. இவருடைய தபலாவும் முன்போலவே அங்கே போகிறது. அறைக்குள் ஒலி தெளியவும் இல்லை. முன்பு கலங்கியிருந்தது, இப்போது கலங்கலோடு மந்தமும் சேர்ந்துகொண்டது.

இந்தப் பிழையின் வேர் சொல்லில் இருக்கிறது. ‘சவுண்ட்ப்ரூஃப்’ என்ற ஒரே பெயரின்கீழ் மூன்று வேறுபட்ட பணிகள் கொட்டப்படுகின்றன. முதலாவது ஒலியைத் தடுத்தல்: ஓர் அறையின் ஒலி இன்னோர் அறைக்குப் போகாமல் நிறுத்துவது. இதற்கு வேண்டியவை எடையும் இடுக்கின்மையும். கனத்த சுவர், இரட்டைக் கண்ணாடி, கதவின் அடியிலுள்ள சந்தை முழுமையாக அடைத்தல் ஆகியவை இப்பணியைச் செய்யும். இரண்டாவது ஒலியை உறிஞ்சுதல்: அறைக்குள் பிறந்த ஒலி சுவரில் பட்டு மீளும்போது அதன் ஆற்றலைக் குறைப்பது. நுண்துளைகளின் வழியே காற்று அசையும்போது உண்டாகும் உராய்வால் ஒலி வெப்பமாகிறது. மூன்றாவது ஒலியைச் சிதறடித்தல்: ஒரே திசையில் திரும்பும் எதிரொலியைப் பல திசைகளுக்குப் பிரித்துவிடுவது, மன்ஃபிரெட் ஷ்ரோடர் 1970களில் எண்கோட்பாட்டிலிருந்து இதற்கென ஒரு பரப்பையே வடித்துத் தந்தார். உறிஞ்சும் பொருள் காற்றை உள்ளே விட்டால்தான் உறிஞ்சும். காற்றை உள்ளே விடும் பொருள் ஒலியைத் தடுக்காது. எனவே ஒரே மெல்லிய ஃபோம் இரண்டையும் செய்யும் என்ற கூற்று தன்னைத்தானே மறுக்கும் கூற்று. ஒரு துறையின் அடிப்படைச் சொற்கள் மூன்றை ஒன்றாக உருக்கிவிட்டால், அத்துறையில் சரியான கேள்வி கேட்கும் வழியே அடைபட்டுப்போகும். கடைக்காரருக்கு அதுவே ஆதாயம்.

இந்த அறிவியல் பிறந்ததே ஒரு பல்கலைக்கழகத்தின் வகுப்பறைக் குறையிலிருந்துதான் என்பதைக் கல்வியாளர்கள் நினைவுகொள்வது நல்லது. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலை அருங்காட்சியகத்தில் புதிதாகத் திறந்த விரிவுரை மண்டபத்தில் ஆசிரியர் பேசுவது மாணவருக்கு விளங்கவில்லை. அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து மண்டபத்தில் பரப்பினார். ஓர் ஆர்கன் குழாயை ஒலித்து நிறுத்தி, ஒலி எத்தனை விநாடியில் செவிக்கு எட்டாமற்போகிறது என்று அளந்தார். மெத்தைகளைக் கூட்டியும் குறைத்தும் மீண்டும் மீண்டும் அளந்தார். அறையின் கன அளவுக்கும், அதிலுள்ள மொத்த உறிஞ்சலுக்கும், எதிர்முழக்கம் நீடிக்கும் நேரத்துக்கும் உள்ள உறவு அப்படித்தான் ஒரு சூத்திரமாயிற்று. 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்ஃபனி மண்டபம் அந்த அறிவின்மேல் எழுந்தது. சபைன் சந்தையில் எதையும் வாங்கவில்லை, அளந்தார். இன்றைய ஆய்வாளர் வாங்குகிறார், அளப்பதில்லை.

அளந்து பார்த்தால் ஃபோம் சதுரங்களின் கதை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம், பத்தடி உயரம் உள்ள வெற்றறையின் கன அளவு ஏறக்குறைய 34 கனமீட்டர். உட்பரப்பு 63 சதுர மீட்டர். பூச்சுச் சுவரும் டைல்ஸும் தம்மீது படும் ஒலியில் சுமார் நூற்றில் மூன்று பங்கையே உறிஞ்சும். அப்படியானால் மொத்த உறிஞ்சல் 1.9 சதுர மீட்டர். சபைனின் சூத்திரப்படி எதிர்முழக்க நேரம் 2.9 விநாடி. கேட்பறைக்கு வேண்டியது 0.2 முதல் 0.4 விநாடிவரை. 0.4ஐ எட்டுவதற்கே ஏறக்குறைய 13.7 சதுர மீட்டர் உறிஞ்சல் தேவை. பன்னிரண்டு ஃபோம் சதுரங்களின் மொத்தப் பரப்போ 1.1 சதுர மீட்டர்தான். உச்ச அதிர்வெண்களில் அது நன்றாகவே உறிஞ்சும் என்று கொண்டாலும் எதிர்முழக்கம் 2 விநாடிக்குத்தான் இறங்கும். 125 ஹெர்ட்ஸில் ஓரங்குல ஃபோமின் உறிஞ்சல் பத்தில் ஒரு பங்கை ஒட்டியது, அங்கே 2.9 என்பது 2.7 ஆகும். சிறிய அறையின் தாழ்ந்த அதிர்வெண்களில் சபைனின் சூத்திரம் துல்லியமானதன்று. கட்டிலும் அலமாரியும் திரைச்சீலையும் வந்தபின் இந்த எண்களும் இறங்கும். ஆயினும் தேவைக்கும் வாங்கியதற்கும் உள்ள தூரத்தைக் காட்ட இக்கணக்கு போதும்.

தடிமனைப் பற்றிய உண்மை இன்னும் எளியது. சுவரை ஒட்டிய நுண்துளைப் பொருள், ஒலியலையின் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு தடிமன் இருந்தால்தான் அந்த அலையை நன்கு உறிஞ்சும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர், அதில் கால்பங்கு 86 சென்டிமீட்டர். ஓரங்குல ஃபோம் முழுத்திறனோடு இயங்கத் தொடங்குவது 3,400 ஹெர்ட்ஸை ஒட்டி. 9 மில்லிமீட்டர் பாலியஸ்டர் பலகை அதற்கும் மேலே. அதாவது இவை மெய்யொலிகளின் கூர்மையும் தம்பூராவின் மினுக்கும் வாழும் உச்சப் பகுதியை மட்டும் தின்றுவிட்டு, கலக்கத்துக்குக் காரணமான தாழ்பகுதியை அப்படியே விட்டுவைக்கின்றன. மருந்து நோயைத் தொடாமல் நோயாளியைத் தாக்குகிறது.

தாழ்பகுதியில்தான் அறை தன் குணத்தைக் காட்டும். இணையான இரு சுவர்களுக்கிடையே சில அதிர்வெண்கள் நிலை அலைகளாகத் தேங்கும். பன்னிரண்டடி நீளத்துக்கு அது 47 ஹெர்ட்ஸ், பத்தடிக்கு 56. அகலமும் உயரமும் ஒரே பத்தடியாக அமைந்த அறையில் இரண்டு தேக்கங்களும் ஒரே இடத்தில் விழுந்து ஒன்றையொன்று பெருக்கும். அவற்றின் இருமடங்குகள் 94இலும் 112இலும் வரும். தபலாவின் பாயாவில் உள்ளங்கை அழுத்தி இழுக்கும் அந்த வளைவு 100 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் ஏறி இறங்கும்போது ஓரிடத்தில் வீங்கும், ஓரிடத்தில் மறையும். வாசித்தவர் அப்படி வாசிக்கவில்லை. அறை அப்படி வாசிக்கிறது. ஓர் இசையாய்வாளர் அந்த அறையில் அமர்ந்து ஒரு கலைஞரின் பாயாவைப் பற்றித் தீர்ப்பு எழுதினால், அவர் எழுதுவது தம் வீட்டுக் கொத்தனாரைப் பற்றி.

விஜயபுரத்தின் கோல் கும்பஸுக்குப் போகாத மாணவர் சுற்றுலா குறைவு. பதினேழாம் நூற்றாண்டின் அந்தக் குவிமாடத்தின் உட்சுற்றில் நின்று முணுமுணுத்தால் எதிர்ப்பக்கத்தில் கேட்பதை எல்லாரும் வியக்கிறார்கள். இத்தகைய முணுமுணுப்பு மாடங்களைப் பற்றிச் சி. வி. ராமன் ஆராய்ந்து எழுதி நூறாண்டுக்கு மேல் ஆகிறது. கட்டடம் ஒலியை ஆளும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த உண்மை. அதே மனிதர் வீட்டுக்குத் திரும்பியதும் ஒலிபெருக்கியைக் குறைசொல்லத் தொடங்கிவிடுகிறார்.

இசையோடு நின்றிருந்தால் இதை வசதியுள்ளோரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம். பேச்சிலும் இதுவே நடக்கிறது. அங்கே இழப்பு பெரிது. இந்தியில் ‘கணம்’ என்ற பொருளுடைய சொல்லுக்கும் ‘பழம்’ என்ற பொருளுடைய சொல்லுக்கும் இடையேயுள்ள வேறுபாடு, முதல் மெய்க்குப் பின்வரும் ஒரு மூச்சு மட்டுமே. ‘பதா’ என்றால் முகவரி, ‘பத்தா’ என்றால் இலை. இரண்டையும் பிரிப்பது நாக்கு பல்லில் அடைபட்டிருக்கும் மௌனத்தின் நீளம். அம்மௌனம் சில பத்து மில்லிவிநாடிகளே. எதிர்முழக்கம் 1 விநாடியாக உள்ள அறையில், 80 மில்லிவிநாடிக்குள் முந்தைய உயிரொலியின் எச்சம் 5 டெசிபெல்கூடத் தணிவதில்லை, மௌனம் நிரம்பிவிடுகிறது. 0.4 விநாடி அறையில் அதே நேரத்தில் 12 டெசிபெல் தணிகிறது. மௌனம் மௌனமாகக் கேட்கிறது. ஒலிபெருக்கியிலிருந்து விலகி அமர்ந்திருப்பவருக்கு இந்த வேறுபாடே புரிதலுக்கும் ஊகத்துக்கும் இடையிலான எல்லை.

கிரியர்சனின் மொழிநில ஆய்வுக்காக 1913 முதல் 1929 வரை பதிவான கிராமஃபோன் தட்டுகளின் ஒலிகள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. நூறாண்டுக்கு முந்தைய குரல்கள். ஏற்கெனவே ஊசியின் கீறலும் இரைச்சலும் மூடிய குரல்கள். அவற்றை வீட்டில் நண்பர்களோடு அமர்ந்து கேட்கும் மாணவர், அந்தக் கீறலுக்குமேல் தம் அறையின் முழக்கத்தையும் பூசிக் கேட்கிறார். தட்டில் இல்லாத நீட்சி அவருக்குக் கேட்கும். இருக்கும் மூச்சு கேட்காது. பிறகு அவரது ஆய்வேட்டில் ‘இப்பேச்சுவழக்கில் மூச்சொலி நலிந்துள்ளது’ என்றொரு வரி ஏறினால், அதற்கு அடிக்குறிப்பாக அறையின் அளவைத்தான் தரவேண்டும்.

‘அதற்குத்தான் ஹெட்ஃபோன் இருக்கிறதே’ என்பர். உண்மை, நுண்ணிய ஒலிப்பெயர்ப்புக்கு ஹெட்ஃபோனே சரியான கருவி. ஆனால் கூடிக் கேட்டு வாதிடுவதும், பல மணிநேரம் செவி நோகாமல் கேட்பதும், ஒலி தன்முன் ஓரிடத்திலிருந்து வருவதாக உணர்ந்து கேட்பதும் அதில் இயலா. ‘மென்பொருள் திருத்திவிடும்’ என்பர். மென்பொருள் வீங்கியதைத் தட்டலாம். நிலை அலை ஓரிடத்தில் அழித்துவிட்ட ஒலியை மீட்க முடியாது. அங்கே ஆற்றலைக் கூட்டினால் அழிவும் அதே விகிதத்தில் கூடும். சுவர்களுக்கிடையே உலவும் எச்சத்தையும் அது துடைக்காது. ஓர் இருக்கைக்குச் சரிசெய்தால் அடுத்த இருக்கை கெடும். ‘இதெல்லாம் பணக்காரர் விவகாரம்’ என்பது மூன்றாம் வாதம். கேபிளுக்கும் ஃபோமுக்கும் அலங்காரப் பலகைக்கும் பணம் போனபின் எழும் வாதம் இது. போன பணத்தில் பாதியே உரிய பொருளுக்குப் போதும்.

இதற்கெல்லாம் மேலாக ஒரு கேடு உண்டு. அதைக் கடைகள் சொல்வதில்லை. 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ‘தி ஸ்டேஷன்’ என்ற இசைக்கூடத்தில் வாணவேடிக்கைப் பொறி சுவரிலிருந்த பாலியூரித்தேன் ஃபோமில் பற்றியது. 100 பேர் இறந்தனர். 2013 ஜனவரியில் பிரேசிலின் சாந்தா மரியா நகரில் ‘கிஸ்’ இரவுக்கூடத்தில் அதே வகையில் பற்றிய தீயில் 242 பேர் இறந்தனர். எரியும் ஃபோமின் நச்சுப்புகை பலரைக் கொன்றது. இரண்டு இடங்களிலும் அந்த ஃபோம் ஒலிக்காகவே ஒட்டப்பட்டிருந்தது. அத்தகைய பொருளை, ஒரே கதவுள்ள அறையில், மின்கம்பிகளும் சூடேறும் ஆம்ப்ளிஃபயரும் ஊதுபத்தியும் உள்ள இடத்தில், கட்டிலுக்குத் தலைமாட்டில் ஒட்டிக்கொள்கிறார்கள். ‘தீயைத் தாங்கும்’ என்று உறையில் அச்சிட்டிருப்பது சான்றாகாது. சோதனைச் சான்றிதழைக் கேட்கவேண்டும். கேட்டால் பெரும்பாலும் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும்.

சரியான வழி அழகற்றது, தடித்தது, மலிவானது. முதலில் பணம் செலவாகாத வேலை: இடம் மாற்றுதல். நீளவாக்கில் அறையின் நட்டநடுவில் அமரக்கூடாது. 47 ஹெர்ட்ஸ் அங்கே அற்றுப்போகும். முன்சுவரிலிருந்து நீளத்தில் 38 விழுக்காடு தூரத்தில், அதாவது நாலரை அடியில், நாற்காலியைப் போட்டுத் தொடங்கி முன்னும் பின்னும் நகர்த்திக் கேட்கலாம். சிறிய அறையில் அது நெருக்கமாகத் தோன்றினால், பின்சுவரிலிருந்து அதே தூரத்தில் அமரலாம். அடுத்தது அளத்தல். ‘ரூம் ஈக்யூ விஸார்ட்’ என்ற மென்பொருள் இலவசம். அளவைக்குரிய மைக் ஒன்றைத் துறையிலிருந்தோ நண்பரிடமிருந்தோ பெற்றால் போதும். கைதட்டிப் பார்ப்பது அளவையாகாது. கைதட்டல் உச்சப்பகுதியை மட்டுமே சோதிக்கும். ஃபோம் வெற்றிபெற்றதாகத் தோன்றுவதும் அதனால்தான்.

அதன்பின் பொருள். கட்டடப் பொருள் கடைகளில் பாறைப்பஞ்சுப் பலகை கிடைக்கிறது. கனமீட்டருக்கு 48 அல்லது 64 கிலோ அடர்த்தி, 50 மில்லிமீட்டர் தடிமன். இதற்கு ஐஎஸ் 8183 என்ற இந்தியத் தரநிலையே உண்டு. பாறைப்பஞ்சு தானாகப் பற்றி எரியாது. இரண்டு பலகைகளை அடுக்கி, இரண்டடிக்கு நாலடி மரச்சட்டத்தில் பொருத்தி, ஊதினால் காற்று புகும் பருத்தித் துணியால் இறுகப் போர்த்தி, சுவரிலிருந்து நாலங்குலம் தள்ளி நிறுத்தவேண்டும். அந்த இடைவெளியே இலவசத் தடிமன். வெட்டும்போது கையுறையும் முகமூடியும் கட்டாயம்; இழை தோலை அரிக்கும். இத்தகைய எட்டுப் பலகைகள் 6 சதுர மீட்டர். மீதத் தேவையில் பெரும்பகுதியைக் கட்டில் மெத்தையும் நிறைந்த புத்தக அலமாரியும் கனத்த திரைச்சீலையும் அமர்ந்திருக்கும் மனிதர்களும் சேர்ந்து ஈடுசெய்வார்கள். முதலில் மூலைகள், அங்கேதான் தாழ்ந்த ஒலிகள் குவியும். பிறகு பக்கச்சுவர்களில், கேட்பவர் அமர்ந்த இடத்திலிருந்து பார்க்க, சுவரோடு நகர்த்தும் கண்ணாடியில் ஒலிபெருக்கி தெரியும் இடங்கள். வாடகை வீடானாலும் கவலையில்லை. இவை ஆணியின்றி நிற்கும். வீடு மாறும்போது உடன்வரும். பாறைப்பஞ்சுக்கும் வழியில்லாதவர் பழைய பஞ்சுமெத்தையை உருட்டி மூலையில் நிறுத்தலாம். சபைன் தொடங்கியது மெத்தையில்தான். அதுவும் எரியும் பொருள் என்பதால் மின்கம்பியிலிருந்து விலக்கி வைக்கவேண்டும். பக்கத்து வீட்டுச் சத்தத்துக்கு இவற்றில் எதுவும் மருந்தாகாது. அதற்குக் கதவிடுக்கை அடைப்பது முதற்படி.

இந்த அறிவு ரகசியமானதன்று. அரங்குகளின் ஒலியமைப்புக்கான இந்தியத் தரநெறி ஐஎஸ் 2526 வெளிவந்தது 1963இல். 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் ஒலியியலுக்கென ஒரு பிரிவே இருக்கிறது. பல்கலைக்கழக நூலகங்களில் இவை தூசு படிந்து நிற்கின்றன. அதே வளாகங்களில் ‘ஒலிப்பதிவுக்கூடம்’ என்ற பெயர்ப்பலகையின்கீழ் கூம்பு ஃபோம் ஒட்டப்படுகிறது. அதைப் பார்த்து வளரும் மாணவர் தம் வீட்டிலும் அதையே ஒட்டுகிறார். கூம்பு ஃபோம் அறிவியலின் சின்னமாகிவிட்டது. சின்னம் இருக்குமிடத்தில் அறிவியலும் இருப்பதாக நம்பப்படுகிறது. குறியை அது குறிக்கும் பொருளாகவே கொள்ளும் மயக்கத்தை வகுப்பில் முதலாண்டிலேயே கற்பிக்கும் துறைகள் தம் சுவர்களில் அதே மயக்கத்தைப் பசைபோட்டு ஒட்டிவைத்திருக்கின்றன.

ஆகவே கேட்பறை அமைக்க எண்ணும் எவரும் கடைக்காரரிடம் ஒரு கேள்வியை வைக்கட்டும்: ‘இப்பொருள் 125 ஹெர்ட்ஸில் எவ்வளவு உறிஞ்சும்?’ எண்ணைச் சொல்பவரிடம் மேலும் பேசலாம். ‘சவுண்ட்ப்ரூஃப் சார்’ என்று பதில் வந்தால் பையை மூடிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். அந்தப் பணத்துக்குப் பாறைப்பஞ்சு வாங்கலாம்.